வெள்ளிக் காசில் வேந்தர் முகம்: பாரசீகம் முதல் பழனிமலை அடிவாரம் வரை

பாரசீக வேந்தர்களின் வெள்ளிக் காசு பிறந்த இடம் பாரசீகம் அன்று. இன்றைய துருக்கியின் மேற்கே இருந்த லிடியா. அந்நாட்டின் கடைசி மன்னன் குரோசஸ் பொன்னுக்குத் தனியாகவும் வெள்ளிக்குத் தனியாகவும் காசு அடித்தான். இரண்டிலும் முன்பக்கத்தில் ஒரு சிங்கத் தலையும் ஒரு காளைத் தலையும் எதிரெதிரே நிற்கும். கி.மு. 547 வாக்கில் அகமேனிய மரபின் சைரஸ் லிடியாவை வென்று, தலைநகர் சார்டிஸைக் கைப்பற்றினான். நாடு கைமாறியபோதும் அக்கசாலை நிற்கவில்லை. சிங்கமும் காளையும் பொறித்த அதே காசுகளைப் பாரசீகர் ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் தொடர்ந்து அடித்துவந்தார்கள்.

தமக்கென ஓர் உருவத்தை அவர்கள் காசில் பொறித்தது முதலாம் டேரியஸ் (கி.மு. 522–486) காலத்தில்தான். பொன்னில் அடித்தது டாரிக், வெள்ளியில் அடித்தது சிக்லோஸ். இருபது சிக்லோஸ் ஒரு டாரிக்குக்குச் சமம். சிக்லோஸ் ஏறக்குறைய ஐந்தரை கிராம் எடையுள்ள, தடித்த, ஒழுங்கற்ற நீள்வட்டக் காசு. அகலம் ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். அதன் முன்பக்கத்தில் முடி சூடிய வேந்தன் ஒரு முழங்காலை மடித்து ஓடும் நிலையில் இருக்கிறான். தாடி நெஞ்சுவரை தொங்குகிறது. இடக்கையில் வில், வலக்கையில் ஈட்டி. பிற்பட்ட வகைகளில் ஈட்டிக்குப் பதில் குறுவாள். பின்பக்கத்தில் உருவமும் இல்லை, எழுத்தும் இல்லை. வெள்ளித் துண்டை அச்சின்மேல் வைத்து அடித்த உளியின் நீள்சதுரப் பள்ளம் மட்டும் உண்டு.

இந்த மாற்றம் எப்போது நிகழ்ந்தது என்பதற்கு இரண்டு நல்ல சான்றுகள் உள்ளன. பெர்சபோலிஸ் நகரின் அபதானா மண்டபத்து அடித்தளத்தில் 1933-இல் இரண்டு கற்பெட்டிகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் டேரியஸின் கல்வெட்டு வாசகம் பொறித்த ஒரு பொன் தகடும் ஒரு வெள்ளித் தகடும் இருந்தன. தகடுகளுக்கு அடியில் வைத்திருந்த காசுகளில் குரோசஸ் வகைப் பொற்காசுகளும் கிரேக்க நகரங்களின் வெள்ளிக் காசுகளும் இருந்தன. டாரிக்கும் சிக்லோஸும் இல்லை. ஆகவே மண்டபத்துக்குக் கால்கோள் இட்டபோது வில்லேந்திய வேந்தன் இன்னும் காசில் ஏறவில்லை. மற்றொரு சான்று, அதே நகரத்தில் கிடைத்த ஒரு களிமண் ஏடு. டேரியஸின் 22-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 500 வாக்கில் எழுதப்பட்ட அந்த ஏட்டில் வில்லேந்திய வேந்தன் காசு முத்திரையாக அழுந்தியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளில் சிக்லோஸ் பிறந்தது.

அகமேனியக் காசில் வேந்தனின் பெயர் கிடையாது. டேரியஸுக்குப் பின் ஆண்ட செர்க்சஸும் அர்த்தசெர்க்சஸும் அதே உருவத்தையே அடித்தார்கள். அம்பு எய்யும் நிலை, ஈட்டி ஏந்திய நிலை, குறுவாள் ஏந்திய நிலை என்று உருவத்தின் வகையைக் கொண்டு காலத்தை ஏறத்தாழச் சொல்லலாமே தவிர, இந்தக் காசு இந்த வேந்தனுடையது என்று உறுதியாகச் சொல்வது கடினம். புழங்கிய இடமும் பெரும்பாலும் பேரரசின் மேற்கு ஓரந்தான். கிரேக்கக் கூலிப்படைக்கும் கிரேக்க அரசியலுக்கும் இந்தக் காசு ஏராளமாகச் செலவானது. ஸ்பார்ட்டாவின் மன்னன் அகெசிலாவுஸ் ஆசியாவில் வெற்றிமேல் வெற்றி பெற்றுவந்தபோது, பாரசீகர் கிரேக்க நகரங்களுக்குப் பொன்னை வாரி இறைத்து அவனுக்கு எதிராகத் திருப்பினார்கள். ஆயிரக்கணக்கான வில்லாளிகள் தன்னை ஆசியாவிலிருந்து துரத்திவிட்டதாக அவன் சொன்னதாய் புளூட்டார்க் எழுதுகிறார். அவன் சொன்ன வில்லாளிகள் காசில் இருந்தவர்கள்.

சிந்துக்கரையில் நிலைமை வேறு. காந்தாரமும் சிந்துவெளியும் டேரியஸின் மாகாணப் பட்டியலில் உள்ளவை. இந்திய மாகாணம் ஆண்டுக்கு 360 தாலந்து பொன்துகள் கட்டியதாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஆனாலும் சிக்லோஸ் இங்கே பெரிதாகப் புழங்கவில்லை. 1933-இல் காபூல் நகரில் சமன் ஹசூரி என்ற இடத்தில் வீட்டுக்கு அடித்தளம் தோண்டியபோது கிடைத்த புதையல் இதைக் காட்டுகிறது. ஏதென்ஸ் முதலிய கிரேக்க நகரங்களின் காசுகளோடு சில சிக்லோஸ்களும் அதில் இருந்தன. கூடவே உள்நாட்டில் செய்த வளைந்த வெள்ளிப் பாளங்களும் இருந்தன. இரு முனைகளிலும் சக்கரம் போன்ற முத்திரை குத்திய இந்தப் பாளங்கள் ஏறக்குறைய 11 கிராம் எடையுள்ளவை. இது இரண்டு சிக்லோஸ் எடைக்கு நெருக்கமாக இருப்பதால், பாரசீக எடைமுறையின் தாக்கத்தை இதில் காணும் ஆய்வாளர்கள் பலர்.

கங்கைச் சமவெளியிலும் பின்னர் மௌரியப் பேரரசிலும் பரவிய முத்திரைக் காசுகள் வேறு வழியில் வளர்ந்தன. வெள்ளித் தகட்டைச் சதுரமாகவோ வட்டமாகவோ வெட்டி, எடை சரியாக வரும்வரை ஓரத்தைக் கத்தரித்து, ஒரு பக்கத்தில் ஐந்து முத்திரைகளைத் தனித்தனியே குத்தினார்கள். ஞாயிறு, ஆறு ஆரமுள்ள சக்கரம், மலைமுகடு, யானை, வேலியிட்ட மரம் என்று முத்திரைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. எடை ஏறக்குறைய 3.4 கிராம். பாரசீகம் காசில் அரசனை நிறுத்தியது. இந்தியா அரசின் குறிகளை நிறுத்தியது. அரசனின் முகம் இந்தியக் காசில் ஏறப் பல நூற்றாண்டுகள் ஆயின.

இந்த முத்திரைக் காசுகளில் பழனிமலைக்கு மிக நெருங்கியது போடிநாயக்கனூர்ப் புதையல். கொடைக்கானல் மலையின் கீழ்த்தொடரில் உள்ள பெரும்பாறையிலிருந்து பார்த்தால், மலைத்தொடருக்கு அப்பால் தென்மேற்கே போடி. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. முன்பக்கத்தில் வடநாட்டு வழக்கப்படி முத்திரைகள். பின்பக்கத்தில் சில கோடுகளால் வரைந்த மீன். பாண்டியரின் குலச்சின்னம் மீன் என்பதால் இவை பாண்டியர் வெளியிட்டவை என்று நாணயவியலார் கொள்கிறார்கள். மௌரியக் காசின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, தம் அடையாளத்தை மட்டும் பின்பக்கத்தில் சேர்த்த ஓர் அரசு மதுரையில் இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. குரோசஸின் காசைப் பாரசீகர் ஏற்றுக்கொண்ட முறையும் ஏறக்குறைய இதுதான்: மக்கள் நம்பிப் பழகிய காசின் வடிவை எந்த அரசும் சட்டென்று மாற்றத் துணிவதில்லை.

அகமேனியப் பேரரசு கி.மு. 330-இல் முடிந்தது. அலெக்சாண்டர் பெர்சபோலிஸில் எடுத்த செல்வம் 1,20,000 தாலந்து என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். அதில் பெரும்பகுதி உருக்கப்பட்டு, ஹெர்க்குலிஸ் தலை பொறித்த அலெக்சாண்டரின் வெள்ளிக் காசாயிற்று.

பாரசீகத்தில் மறுபடி உள்நாட்டு வேந்தர் முகம் காசில் வந்தது பார்த்தியர் காலத்தில். கி.மு. 247 வாக்கில் அர்சாசஸ் தொடங்கிய இந்த மரபு ஏறக்குறைய 470 ஆண்டுகள் ஆண்டது. நான்கு கிராம் அளவுள்ள டிராக்ம் காசின் முன்பக்கத்தில் வேந்தனின் தலை, பெரும்பாலும் இடப்பக்கம் நோக்கி. பின்பக்கத்தில் வில்லைப் பிடித்து அமர்ந்திருக்கும் வீரன். இங்கேயும் சேகரிப்பாளருக்கு ஒரு சிக்கல். முதல் வேந்தனின் பெயரான அர்சாசஸ் என்பதையே பின்வந்த வேந்தர்கள் பட்டப்பெயராகக் காசில் எழுதினார்கள். சொந்தப் பெயரை எழுதியவர்கள் மிகச் சிலர். தாடியின் வெட்டு, தலைப்பாகையின் வடிவம், கழுத்தணி, சில வேந்தர்களின் நெற்றியில் காட்டப்படும் மரு இவற்றைக் கொண்டுதான் ஆளை அடையாளம் காண வேண்டியிருக்கிறது. திக்ரிஸ் ஆற்றங்கரைச் செலூசியாவில் அடித்த நான்கு டிராக்ம் காசுகளில் ஆண்டும் சிலவற்றில் மாதமும் இருப்பது பெரிய உதவி.

பார்த்தியக் காசுகளில் ஒன்று தனித்துப் பேசத் தக்கது. நான்காம் பிராத்தசுக்கு உரோமப் பேரரசன் அகஸ்டஸ், மூசா என்ற இத்தாலிய அடிமைப் பெண்ணைப் பரிசாக அனுப்பினான். அவள் வேந்தனின் மனைவியாகி ஒரு மகனைப் பெற்றாள். மற்ற மனைவியரின் மக்களை உரோமுக்கு அனுப்பிவைக்கும்படி வேந்தனை இணங்கச் செய்தவள் அவளே என்றும், பிறகு மகனோடு சேர்ந்து வேந்தனைக் கொன்றாள் என்றும் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். கி.மு. 2-இல் அந்த மகன் ஐந்தாம் பிராத்தஸ் என்ற பெயரில் அரியணை ஏறினான். அவன் காசின் முன்பக்கத்தில் அவனுடைய தலை. வில்வீரன் அமர்ந்திருக்க வேண்டிய பின்பக்கத்தில் மூசாவின் மார்பளவு உருவம். உயர்ந்த முடியும் கழுத்தில் அடுக்கு மாலையும் அணிந்திருக்கிறாள். சுற்றிலும் கிரேக்க எழுத்தில் அவளைத் தெய்வமென்றும் அரசியென்றும் குறிக்கும் வாசகம். ஒரு பெண் ஆண்டவளாக உயர்ந்ததை ஜோசிபஸ் எழுதியிராவிட்டாலும் இந்தக் காசு சொல்லியிருக்கும். தாயும் மகனும் கி.பி. 4-இல் வீழ்ந்தார்கள்.

அதே ஆண்டுகளின் மறுபாதி வரலாறு பழனிமலையின் வடக்கு அடிவாரத்தில் மண்ணுக்குள் கிடந்தது. கி.பி. 1 அல்லது 2-ஆம் ஆண்டில் ஐந்தாம் பிராத்தசும், அகஸ்டஸ் தன் வாரிசாகத் தத்தெடுத்த பேரன் காயஸ் சீசரும் யூப்ரடிஸ் ஆற்றின் நடுத் தீவில் சந்தித்து உடன்பாடு கண்டார்கள். இரு கரைகளிலும் இரு படைகள் நிற்க நடந்த அந்தச் சந்திப்பைப் படையில் பணியாற்றிய வெல்லியஸ் நேரில் பார்த்து எழுதிவைத்தார். அந்தக் காயஸும் அவன் தம்பி லூசியஸும்தான் அகஸ்டஸின் ஒரு வகை வெள்ளித் தினாரியஸின் பின்பக்கத்தில் நிற்பவர்கள். நீண்ட மேலாடை அணிந்த இரண்டு இளவரசர்கள் ஆளுக்கொரு கேடயத்தைத் தரையில் ஊன்றிப் பிடித்திருக்கிறார்கள்; கேடயங்களுக்குப் பின்னால் ஈட்டிகள். லூசியஸ் கி.பி. 2-இலும் காயஸ் கி.பி. 4-இலும் இறந்தார்கள், இளவரசர்கள் அரியணை ஏறவில்லை, ஆனால் அவர்களின் காசு கடல் தாண்டி வந்தது. கொங்கு நாட்டு உரோம வெள்ளிப் புதையல்களில் மிகுதியாகக் கிடைப்பவை இரண்டே வகை: ஒன்று இந்த இளவரசர் காசு, மற்றது அகஸ்டஸுக்கு அடுத்த பேரரசன் திபேரியஸின், அமர்ந்த பெண்ணுருவம் பொறித்த காசு.

பொள்ளாச்சியில் 1800-இல் ஒரு பானை நிறைய இவை கிடைத்தன. கோயம்புத்தூருக்கு அருகே வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூறுக்கு மேல். உடுமலைப்பேட்டை வட்டாரத்துப் பூதிநத்தத்தில் 1946-இல் ஆயிரத்துக்கு மேல். பழனிக்கு அருகே கலையம்புத்தூரில் 1856-இல் கிடைத்தவை பொற்காசுகள், அறுபதுக்கு மேற்பட்டவை. இந்தியாவுக்குப் போகும் பணத்தைக் கணக்கிட்டு உரோம எழுத்தாளர் மூத்த பிளினி ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் என்று வருந்தி எழுதினார். நீரோ கி.பி. 64-இல் தினாரியஸின் எடையையும் தரத்தையும் குறைத்தான். தமிழக வணிகர்கள் அதற்கு முந்தைய நல்ல வெள்ளியையே விரும்பி வைத்துக்கொண்டார்கள் என்பதைப் புதையல்களின் உள்ளடக்கமே காட்டுகிறது.

மலையில் வாழ்ந்தவர்களும் இந்த வணிகத்துக்கு வெளியே இருக்கவில்லை. பெரும்பாறையிலிருந்து மேலேறும் சாலை தாண்டிக்குடிக்குப் போகிறது. அங்குள்ள கல்திட்டைகளையும் மலையின் பிற பகுதிகளிலுள்ளவற்றையும் செண்பகனூர் இயேசு சபைத் துறவியரான ஆங்ளேடும் நியூட்டனும் ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. பின்னர் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் தாண்டிக்குடியில் நடந்த அகழாய்வில் ஈமக்குழிகளிலிருந்து சூதுபவள மணிகள் கிடைத்தன. மலையடிவாரத்துப் பொருந்தலில் 2009-லும் 2010-லும் அவரே அகழ்ந்தபோது ஆயிரக்கணக்கான மணிகளும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானைத் தாங்கியும் வெளிவந்தன. பாண்டிய நாட்டையும் சேர நாட்டையும் இணைத்த மலைவழிகள் இவை. மேலே விளைந்த மிளகும் ஏலமும் கீழே வெள்ளியாக மாறிய காலத்தில், பொள்ளாச்சி வழியாகவும் கரூர் வழியாகவும் போன பெருவழிகளுக்கு இந்த மலைப்பாதைகள் கிளைகளாக இருந்திருக்க வேண்டும்.

பெரும்பாறைப் பகுதியில் பெய்யும் மழை புல்லாவெளி அருவி வழியாக இறங்கி, ஆத்தூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, குடகனாறாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு கலக்கிறது. அந்த அமராவதிப் படுகைதான் தமிழக நாணயவியலின் மிகப் பெரிய சுரங்கம். சங்ககாலச் சேரர் தலைநகரான கரூரில் ஆற்று மணலைச் சலித்துக் காசு தேடுவோரிடமிருந்து சேகரிப்பாளர்களிடம் வந்த வெள்ளிக் காசுகளில் ஒரு வகையில் ஒரு மனிதத் தலை வலப்பக்கம் நோக்கி இருக்கிறது. தலைக்கு மேலே தமிழ் பிராமி எழுத்தில் ‘மாக்கோதை’ என்ற பெயர். பின்பக்கம் வெறுமையாக உள்ளது. தலையின் அமைப்பில் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகளின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. இந்தக் காசில் தமிழ் மன்னன் ஒருவன் தன் முகத்தையும், தமிழ் எழுத்தில் தன் பெயரையும் வெள்ளியில் பொறித்தான். டேரியஸ் உருவத்தைக் கொடுத்துப் பெயரை விட்டுவிட்டான். பார்த்தியர் முகத்தைக் கொடுத்துப் பெயரை மறைத்தார்கள். மாக்கோதை இரண்டையும் கொடுத்தான். அந்த வகையில் கரூர்க் காசு, அளவில் சிறியதானாலும், வரலாற்றாசிரியருக்குப் பாரசீகக் காசைவிட நேர்மையாகப் பேசுகிறது.

பாரசீகத்தில் முகமும் பெயரும் வழக்கமாகச் சேர்ந்து வந்தது சாசானியர் காலத்தில். கி.பி. 224-இல் அர்தஷீர் கடைசிப் பார்த்திய வேந்தனைப் போரில் கொன்று புதிய பேரரசை நிறுவினான். சாசானிய டிராக்ம் எடையில் நான்கு கிராம் அளவே. ஆனால் மெல்லிய அகன்ற வட்டமாக அடித்ததால் அதன் பரப்பில் நிறையச் சொல்ல முடிந்தது. முன்பக்கத்தில் வேந்தனின் மார்பளவு உருவம், சுற்றிலும் பகலவி எழுத்தில் பெயரும் பட்டங்களும். பின்பக்கத்தில் கொழுந்துவிட்டு எரியும் வேள்வித் தீ மேடை. முதலாம் ஷாபூர் காலம் முதல் அதன் இருபுறமும் இரண்டு காவலர். ஜொராஸ்டிரிய சமயம் அரசின் சமயமானதை அறிய வேறு ஆவணம் தேட வேண்டியதில்லை.

சாசானியக் காசைப் படிக்கும் திறவுகோல் மணிமுடி. ஒவ்வொரு வேந்தனும் தனக்கென ஒரு முடி வடிவத்தைக் கொண்டான். முதலாம் ஷாபூரின் முடி கோட்டை மதில்போல் பற்களுள்ளது. முதலாம் பஹ்ராமின் முடியில் கதிர்கள். இரண்டாம் ஹோர்மிஸ்தின் முடி, அலகில் முத்தைக் கவ்விய கழுகு. இரண்டாம் பஹ்ராம் தன்னோடு அரசியையும் இளவரசனையும் காசில் சேர்த்தான். எழுத்துத் தேய்ந்துபோன காசையும் முடியைப் பார்த்தே இன்னாருடையது என்று சொல்லிவிடலாம். ஆஸ்திரிய அறிஞர் ராபர்ட் கோபல் இந்த முடிகளை அடிப்படையாக வைத்தே சாசானியக் காசுகளை வகைப்படுத்தினார். ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஆட்சியாண்டும் அக்கசாலையின் சுருக்கப் பெயரும் பின்பக்கத்தில் இடம்பெற்று, ஆறாம் நூற்றாண்டில் வழக்கமாகிவிட்டன. எந்த ஊரில் எந்த ஆண்டில் அடித்தது என்று இத்தனை துல்லியமாகச் சொல்லும் காசு பழைய உலகில் அரிது.

இவர்களில் பெரோஸ் (கி.பி. 459–484) என்பவனின் காசுக்கும் இந்தியாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அவன் கிழக்கே ஹெப்தலைட்டு ஹூணர்களோடு போரிட்டுச் சிறைப்பட்டான். மீட்புப் பணமாகப் பெருந்தொகை வெள்ளியைக் கொடுக்க ஒப்புக்கொண்டு, அது முடியும்வரை மகன் கவாதைப் பிணையாக விட்டுவைத்தான். பின்னர் மறுபடியும் போருக்குப் போய் 484-இல் களத்திலேயே மாண்டான். அவன் காசில் மூன்று விதமான முடிகள் உள்ளன. கடைசி முடியில் இரு பக்கமும் சிறகுகள். மீட்புப் பணமாகக் கிழக்கே குவிந்த இந்தச் சிறகு முடிக் காசை ஹூணர்கள் நகலெடுத்தார்கள். அவர்களோடு அந்த வடிவம் வடமேற்கு இந்தியாவுக்குள் நுழைந்தது.

குஜராத்திலும் இராஜஸ்தானத்திலும் மாளவத்திலும் பல நூற்றாண்டுகள் புழங்கிய ‘கதையா’ காசுகள் இந்த நகலின் நகல்கள். அச்சு வெட்டியவர்களுக்குப் பெரோஸ் யாரென்று தெரியாது, தீ மேடை எதற்கென்றும் தெரியாது. தலைமுறைக்குத் தலைமுறை காசு சிறுத்துத் தடித்தது. வேந்தனின் மூக்கு ஒரு கோடாகவும் கண் ஒரு புள்ளியாகவும் தீ மேடை சில கோடுகளும் புள்ளிகளுமாகவும் ஆயின. பெரோஸ் காசையும் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கதையா காசையும் மட்டும் அருகருகே வைத்தால் தொடர்பு தெரியாது. இடைப்பட்டவற்றை வரிசையாக வைத்தால்தான் முகம் படிப்படியாகக் கலைவதைக் காணலாம். சேகரிப்பு என்ற செயலின் பயன் இத்தகைய வரிசைகளில்தான் வெளிப்படுகிறது. ஒற்றைக் காசு எவ்வளவு அழகாக இருந்தாலும் இதைச் சொல்லாது.

தெற்கே பாரசீக வெள்ளிக்கு இந்த அளவு செல்வாக்கு இல்லை. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய காஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகத் துறவி இலங்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் குறிக்கிறார். சோபத்ரஸ் என்ற உரோம வணிகனும் ஒரு பாரசீக முதியவரும் ஒரே சமயத்தில் அரசவைக்கு வந்தார்கள். இரு பேரரசர்களில் பெரியவர் யார் என்று அரசன் கேட்டான். பாரசீகர் தம் வேந்தனைப் புகழ்ந்து முடித்ததும், இருவரும் இங்கேயே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சோபத்ரஸ் சொல்லி, இரு நாட்டுக் காசையும் கொண்டுவரச் செய்தான். உரோமக் காசு பளபளக்கும் பொன். பாரசீகக் காசு வெள்ளி. அரசன் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து உரோமருக்கே பெருமை கொடுத்தான். ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பு, வெவ்வேறு பேரரசர்களின் முகம் இருந்தும் தினாரியஸ்கள் எல்லாம் ஒரே எடையாக இருப்பதைப் பார்த்து இலங்கை அரசன் ஒருவன் உரோமரின் நேர்மையை வியந்ததாகப் பிளினி எழுதியிருந்தார். இரண்டு கதைகளையும் எழுதியவர்கள் உரோமின் பக்கத்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. எனினும் தென்னாட்டு அரசர்கள் அயல் வேந்தரை அவர்களின் காசைக் கொண்டு எடைபோட்டார்கள் என்பது நம்பத் தக்கதே.

பாரசீகர் தென்னாட்டுக் கடற்கரையில் இருந்ததற்கு வேறு தடயங்கள் நிற்கின்றன. சென்னை பரங்கிமலையில் 1547-இல் கண்டெடுத்த கற்சிலுவையைச் சுற்றி இருப்பது பகலவி எழுத்து. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் (கி.பி. 849) சாட்சிக் கையெழுத்துகளில் சில அதே எழுத்தில் உள்ளன. சாசானியப் பேரரசு 651-இல் மூன்றாம் யஸ்தகிர்து கொல்லப்பட்டதோடு முடிந்துவிட்டது. ஆனால் சாசானிய வேந்தர் முகம் காசில் உடனே மறையவில்லை. அரபு ஆளுநர்கள் அதே அச்சின் ஓரத்தில் இறைவன் பெயரை அரபியில் சேர்த்து அடித்தார்கள். கலீஃபா அப்துல் மலிக் ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் உருவமற்ற காசைக் கொண்டுவரும்வரை இது நீடித்தது. இந்தியாவின் பார்சி மக்கள் இன்றும் யஸ்தகிர்து முடிசூடிய கி.பி. 632-இலிருந்தே தம் ஆண்டைக் கணக்கிடுகிறார்கள்.

இந்தக் காசுகளைத் திரட்டிப் படித்தவர்களில் இந்தியர் பங்கு பெரிது. பம்பாயின் பார்சி அறிஞர் பர்தூன்ஜி பாருக் 1924-இல் வெளியிட்ட சாசானியக் காசுகள் பற்றிய நூல் நெடுங்காலம் அத்துறையின் அடிப்படை நூலாக இருந்தது. தென்னாட்டில் வால்டர் எலியட்டும் டஃப்னெலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரித்து எழுதினார்கள். நாளிதழ் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி மதுரை, கரூர்ப் பகுதிக் காசுகளைப் பல ஆண்டுகள் திரட்டி, ‘பெருவழுதி’ என்ற பெயருள்ள பாண்டியர் செப்புக் காசையும் மாக்கோதை வெள்ளிக் காசையும் அறிஞர் உலகின் முன் வைத்தார். சங்க மன்னர்கள் வெறும் புலவர் கற்பனை அல்லர் என்பதற்குக் கல்வெட்டுகளுக்கு அடுத்து நிற்கும் சான்று இந்தச் சேகரிப்பிலிருந்து வந்தது.

பாரசீக வெள்ளி இன்றும் விலைக்கு வருகிறது. போலியும் கூடவே வருகிறது. அச்சில் அடித்த காசின் உருவம் விளிம்புவரை கூர்மையாக இருக்கும். வார்த்த போலியில் பரப்பு மழுங்கி, நுண்துளைகள் தெரியும், ஓரத்தில் இணைப்புக் கோடு ஓடும். சிக்லோஸ் ஐந்தரை கிராமிலிருந்து வெகுவாகக் குறைந்தால் ஐயப்பட வேண்டும். ஆனால் செம்பின்மேல் வெள்ளி பூசிய பழங்காலத்துப் போலிகளும் உண்டு. பழங்கால வணிகர்கள் வெள்ளிதானா என்று பார்க்கக் குத்திய சிறு சோதனை முத்திரைகள் பல சிக்லோஸ்களில் காணப்படுகின்றன. இத்தகைய குத்துத் தழும்புகளைக் குறை என்று தள்ளுவது தவறு. அவை அந்தக் காசு கைமாறிய வரலாறு.

பழனிமலை அடிவாரத்திலும் மலைத் தோட்டங்களிலும் காசு கிடைப்பது இனியும் நிகழும். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுள் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. உரியவர் இல்லாத புதையலில் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் பங்கு உண்டு, அரசு எடுத்துக்கொண்டால் விலை கொடுக்கும். மறைப்பதுதான் குற்றம். நூறாண்டுக்கு மேற்பட்ட காசை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. காப்பிக்கோ மிளகுக்கோ குழி வெட்டும்போது பானையோ காசோ தட்டுப்பட்டால், அதைக் கழுவாமல், தேய்க்காமல், தட்டாரிடம் கொண்டுபோகாமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, பானைத் துண்டுகளோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.